பால் கொடுக்கும் முன் கேட்ட கேள்வி

கொழும்பிலிருந்து கல்முனை போகும் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. அதற்கும் டிக்கெட் எடுத்திருந்தார்களா என்று தெரியவில்லை. அதன் சொந்தக்காரி ஒரு சிங்களப் பெண்மணி. அவர் பின்னிருக்கையில் இருந்தார். பேருந்து குலுங்கும்போதெல்லாம் எழுந்து பழத்தைத் தொட்டுப் பார்ப்பார். அப்படியே என் தோளையும் ஒருமுறை தட்டிவிட்டு உட்காருவார். இரண்டு பேரும் பத்திரமாக இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்கிறார் போலும்.

வழியில் ஒரு சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த இளம் சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்கு வேர்த்துவிட்டது. பலாப்பழக்காரி முன்னே வந்து அவனிடம் படபடவென்று ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்துக்கொண்டே கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டான். என்ன சொன்னார் என்று நடத்துநரிடம் கேட்டேன். "எங்கள் அக்கா இந்தியாவிலிருந்து கோயில் விஷயமாக வந்திருக்கிறார், வெயிலில் நிறுத்தாதே என்றார்" என்று மொழிபெயர்த்துச் சொன்னார். எங்கள் ஊர்ப் பேருந்தில் ஜன்னலோரத்து இருக்கைக்காக அக்கா தங்கைகளே அடித்துக்கொள்வதைப் பார்த்தவள் நான். பலாப்பழத்தின் மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது.

கோயில் விஷயம் என்று அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். பாளையங்கோட்டையில் இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. கல்முனைப் பக்கத்துச் சபை ஊழியர்களுக்கு மூன்று நாள் வகுப்பெடுக்க அழைத்திருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ஆதிக் கிறிஸ்தவத்தில் ஜனங்கள் ஏன் சேர்ந்தார்கள்? போர் முடிந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. கடல் எழுந்து வந்து அந்தக் கரையை வாரிக்கொண்டு போனது அதற்கும் சில வருடங்கள் முன்பு.

அழைப்பு அது. ஆனால் மனம் முழுக்க வேறொரு வேலை இருந்தது. அது ஸ்டெல்லாவின் வேலை.

ஸ்டெல்லா எங்கள் ஊர்ப் பக்கத்து அகதிகள் முகாமில் இருக்கிறாள். நான் போட்டிருக்கும் ரவிக்கை எல்லாம் அவள் தைத்தவை. சொந்த ஊர் கல்முனை. சுனாமியில் அவளுடைய அக்கா, அக்காவின் கணவர் அன்ரன், கைக்குழந்தை ஜெனிற்றா மூன்று பேரும் போய்விட்டார்கள் என்று அழுது தீர்த்தவள். பிறகு சண்டை மறுபடியும் மூண்டபோது கணவரோடு படகேறி எங்கள் பக்கம் வந்தாள். இங்கே கணவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். இனி தனக்கென்று யாருமில்லை என்று இருந்தவளுக்குப் போன வருடம் ஊரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பிள்ளை சாகவில்லை, ஒரு முஸ்லிம் வீட்டில் வளர்கிறாள் என்று.

"டீச்சர், நீங்க போய் அவளக் கண்ணால பாருங்க" என்றாள் ஸ்டெல்லா. "அவளத் தருவாங்களா எண்டு கேளுங்க. எனக்கு நீர்கொழும்புல காமென்ஸ் தையல் வேலை சரிவந்திட்டு. வந்த உடன பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவன். தராட்டிக் கோட்டுக்குப் போவன்."

வளர்த்தவர்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டேன்.

"அண்டைக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குள்ளதானாம் ஓடி ஒதுங்கின. பசியில கத்துற பிள்ளைய அந்த மனிசியிட மடியில வெச்சா, பால் குடுக்க முதல் அவ கேட்டாவாம், இது யாருட பிள்ளை எண்டு. முஸ்லிமா தமிழா எண்டு பாத்துத்தான் பாலே குடுப்பாவாம். அப்பிடியான கையில என்ட அக்காட பிள்ளைய விடலாமா?"

எனக்கும் நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் கல்முனையில் இறங்கினேன்.

ஊர் என் எரிச்சலைக் கண்டுகொள்ளவில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் வந்தன. சொதி என்றால் எங்கள் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற பெரிய விஷயம். இங்கே அது தினமும் காலையில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் கொட்டாத எருமைத் தயிரைப் பாகு ஊற்றித் தின்னக் கொடுத்தார்கள். தயிருக்கு உப்பு போடாமல் இனிப்பு போடுகிற ஜனங்களோடு என்னால் ஒத்துப்போக முடியுமா என்று முதல் கரண்டி வரைக்கும்தான் யோசித்தேன். கடைத்தெருவில் ஒரு பக்கம் தமிழர் குடியிருப்பு, மறுபக்கம் முஸ்லிம்களின் குடியிருப்பு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்கு அங்குலக் கணக்கில் தெரிந்திருந்தது. இரண்டு பக்கமும் இழந்தவர்கள். இரண்டு பக்கமும் அடுத்த பக்கத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தினார்கள்.

முதல் நாள் வகுப்பில் என் பழைய சரக்கை அவிழ்த்தேன். ரோமர்கள் போட்ட சாலைகள், கொள்ளையர் பயம் தீர்ந்த கடல், எந்தத் துறைமுகத்திலும் செல்லுபடியான கிரேக்க மொழி, ஊருக்கு ஊர் இருந்த யூத ஜெபாலயங்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. "டீச்சர், ரோட்டு இருந்தா எல்லாருந்தானே போவாங்க? மத்தச் சாமிகளும் அதே ரோட்டாலதானே போயிருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இத்தனை வருடத்தில் என் மாணவன் ஒருவன்கூட அதைக் கேட்டதில்லை.

அப்போது தேவராசா எழுந்தார். அந்தச் சபையின் உபதேசியார், ஐம்பதைத் தாண்டியவர், என்னைத் தங்கவைத்திருப்பவர். ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னவரும் அவர்தான். "நான் சொல்லட்டா டீச்சர்? சோறு குடுத்தாங்க, சேந்தாங்க. அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு இஞ்சயும் எத்தின பேர் வந்து பைபிளையும் பருப்பையும் ஒரே பையில வெச்சுக் குடுத்தாங்க. பருப்பு முடிய ஆக்களும் முடிஞ்சு போயிட்டாங்க." வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் அந்தப் பருப்பைச் சாப்பிட்டவர்கள்தான்.

அந்தச் சிரிப்பு என்னை உசுப்பிவிட்டது. புத்தகத்தை மூடி வைத்தேன். சோறு என்றால் ரோமில் அரசாங்கமே இலவசமாகத் தானியம் கொடுத்தது. வாங்கித் தின்றவன் எவனும் பேரரசரைப் போய் அண்ணா என்று கூப்பிடவில்லை. கிறிஸ்தவர்களோடு சேர்ந்தால் சோறு கிடைத்த காலமும் உண்டு, சிங்கத்துக்குச் சோறாகிற காலமும் உண்டு. இரண்டு காலத்திலும் ஆள் சேர்ந்துகொண்டே இருந்தார்களே, அதற்கு என்ன சொல்வது?

நான் நம்புவதைச் சொன்னேன். ஊரில் கொள்ளைநோய் வரும். வசதியுள்ளவர்கள் மலைப்பக்கம் ஓடுவார்கள். வைத்தியர்களில் பலரும் ஓடுவார்கள். இவர்கள் ஓடாமல் இருந்து பக்கத்து வீட்டுக்காரன் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். மருந்தே இல்லாவிட்டாலும், தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க ஆளிருந்தால் பாதி நோயாளி பிழைத்துக்கொள்வான். பிழைத்தவன் கண்ணைத் திறந்ததும் யார் முகத்தைப் பார்ப்பான்? செத்தவனை, அவன் யாராக இருந்தாலும், எடுத்துப் புதைத்தார்கள். ரோமில் பிறந்த குழந்தையை வளர்ப்பதா வேண்டாமா என்று தகப்பன் முடிவுசெய்வான். வேண்டாம் என்றால் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வருவார்கள், பெரும்பாலும் பெண்குழந்தைகளை. அதைப் பாவம் என்றார்கள் இவர்கள். எடுத்து வளர்த்தவர்களும் இருந்தார்கள். கிறிஸ்தவத்தையே வெறுத்த ஒரு பேரரசர்கூட, இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் அல்லவா சோறு போடுகிறார்கள் என்று தன் பூசாரிகளிடம் புலம்பியிருக்கிறார். வீடு வீடாக, அடுப்படி அடுப்படியாகப் பரவிய சமயம் அது. பிரசங்கத்தால் சேர்ந்தவர்களைவிடப் பக்கத்து வீட்டால் சேர்ந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் கையில் அதிகாரம் வந்ததும் இதே சபை என்னென்ன செய்தது என்பது வேறு கதை, அதையும் நான் மறைப்பதில்லை.

"குப்பைமேட்டுப் பிள்ளைய எடுக்கக்குள்ள அவங்க கேட்டாங்களா டீச்சர், இது யாருட பிள்ளை எண்டு?" என்றார் தேவராசா.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுனாமி அன்று அந்த மண்டபத்தில் தேவராசாவும் இருந்திருக்கிறார். தன் சொந்தக்காரர்களைத் தேடிப் போன இடத்தில், தூணோரம் ஒரு முஸ்லிம் பெண் மடியில் இருந்த குழந்தையைக் காட்டி அப்படிக் கேட்டதைத் தன் காதால் கேட்டவர். யாரிடம் கேட்டாள் என்றுகூடப் பார்க்காமல், பதிலுக்கும் நிற்காமல், வெறுத்துப்போய் அங்கிருந்து வந்துவிட்டாராம். அது அன்ரனின் பிள்ளை என்பதெல்லாம் அப்போது அவருக்குத் தெரியாது. போர் முடிந்து ஆட்கள் தாராளமாகப் பேசிப் பழகத் தொடங்கிய பிறகுதான், அன்று மண்டபத்தில் கண்ட பிள்ளைதான் அன்ரனின் மகள், இஸ்மாயில் என்பவர் வீட்டில் வளர்கிறாள் என்பது அவர் காதுக்கு எட்டியது. ஒருநாள் அந்த வீட்டு வாசல்வரை போய், தலையில் முக்காடு போட்ட பிள்ளையைக் கண்டுவிட்டு, கேட்டைத் தட்டாமலே திரும்பிவிட்டார்.

இரண்டாம் நாள் வகுப்பு முடிந்ததும் இஸ்மாயில் வீட்டுக்குப் போகலாம் என்றேன். "முதல்ல ஒலுவில் துறைமுகத்தப் பாப்பம் டீச்சர்" என்று எதிர்த்திசையில் வண்டியை விட்டார் தேவராசா. சேலையோடு மோட்டார் சைக்கிளில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதற்கு என் வயதும் எடையும் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் கர்த்தரைக் கூப்பிட்டேன். ஒலுவிலில் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு பக்கம் கல்லைப் போட மறுபக்கம் கடல் கரையைத் தின்கிறது என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டிருந்தார். தேவராசா கடலைப் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தேத்தண்ணீர் குடித்தார். அவர் தங்கை குடும்பமே அந்தத் தண்ணீரில் போனது என்று திரும்பும் வழியில்தான் சொன்னார். அதன்பிறகு அன்று நான் இஸ்மாயில் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. வகுப்பு காலையிலேயே முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் ஸ்டெல்லா முகத்தில் எப்படி விழிப்பேன்? கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தேவராசா விசாரித்தார். இஸ்மாயிலுக்கு வயல் சாகாமம் பக்கம், அறுவடை நடக்கிறது, ஆள் அங்கேதான் என்றார்கள். இலக்கத்தை வாங்கி அழைத்து, இந்தியாவிலிருந்து ஜெனிற்றாவின் சின்னம்மா ஸ்டெல்லா அனுப்பிய ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். வாங்க என்றுமட்டும் சொன்னாராம்.

போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். அந்தப் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்கிறார்கள். வட்டைக்கு நடுவே, நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத இடமாகப் பார்த்து, மோட்டார் சைக்கிளின் சங்கிலி அறுந்தது. தேவராசா மறுபடி தொலைபேசியை எடுத்தார். "நிண்ட இடத்திலேயே நில்லுங்க, நான் வாறன்" என்றது குரல். நெல் மூட்டைகள் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு உழவு இயந்திரம் வந்தது. ஓட்டிவந்த இஸ்மாயில் ஒல்லியான மனிதர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தேவராசாவும் அவருமாக மோட்டார் சைக்கிளைத் தூக்கி மூட்டைகளின் மேல் படுக்கவைத்தார்கள். அதன் பக்கத்தில் என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் ஏற்றினார்கள். கல்முனை வரைக்கும் அந்தப் பயணம். என் உடம்பில் எத்தனை எலும்பு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் இஸ்மாயில் வண்டியை நிறுத்தி, இறங்கி என்னிடம் வந்தார். "டீச்சர், புள்ளயக் கூட்டிட்டுப் போகவா வந்த?"

பார்த்துவிட்டுப் போக வந்தேன், கூட்டிப் போவது அவள் சின்னம்மாவின் முடிவு என்றேன். அவர் தலையாட்டினார். "ஊட்டுல சொல்லக்குள்ள மெதுவாச் சொல்லுங்க" என்றுமட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

வீட்டில் எங்களுக்காகச் சமைத்து வைத்திருந்தார்கள். இஸ்மாயிலின் மனைவி சுலைஹாவுக்கு முப்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான பெண். வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நோன்பு தொடங்க இன்னும் சில நாட்களே இருந்ததால் வீடு கழுவிச் சுத்தமாக இருந்தது. பெரிய தாம்பாளம் ஒன்றில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கத்தரிக்காயும் வைத்திருந்தார்கள். சஹன் என்கிறார்கள். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். ஆண்களுக்கு முன்னறையில் ஒரு சஹன், பெண்களுக்கு உள்ளே ஒன்று. நடுவில் ஒரு திரைதான். தேவராசா தட்டின் முன் உட்கார்ந்துவிட்டுக் கையை நீட்டத் தயங்கியதைப் பார்த்தேன். முதலாளியும் அடிமையும் ஒரே பந்தியில் அப்பம் பிட்டுத் தின்றதைப் பற்றி முந்தாநாள்தான் தொண்டை கிழியப் பேசியிருந்தேன். ஒரே தட்டு என்றதும் எனக்கும் உள்ளே ஏதோ பின்வாங்கத்தான் செய்தது.

எனக்கு எதிரே ஜெனிற்றா வந்து உட்கார்ந்தாள். ஆறு வயது ஆகப்போகிறது. முன்பல் இரண்டும் இல்லை. ஸ்டெல்லாவின் அதே அகலக் கண். பேர் என்ன என்று கேட்டேன். "அன்ரன் ஜெனிற்றா" என்று தகப்பன் பேரோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி சொன்னாள். "பிஸ்மில்லாஹ்" என்று சோற்றில் கைவைத்தாள். சுலைஹாவை உம்மா என்றாள். இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, இந்தியாவில் யானை கடைக்கெல்லாம் வருமா என்று கேட்டாள்.

சாப்பிட்டு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும் கேட்டுவிட்டேன். மெதுவாகத்தான் கேட்க நினைத்தேன், வரவில்லை. அன்றைக்கு மண்டபத்தில், பால் கொடுக்கும் முன் இது யாருடைய பிள்ளை என்று கேட்டாயாமே, உண்மையா?

சுலைஹா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஓம், கேட்டன். கேக்காம எப்பிடி டீச்சர் குடுக்கிற?"

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

"எங்கட மார்க்கத்துல, மத்தவட புள்ளைக்கு அஞ்சு தரம் வயிறு நிறையப் பால் குடுத்தா அது நம்மட புள்ள. என்ட மகன்மார் ரெண்டு பேரும் இவளுக்குக் காக்காமார், கூடப்பொறந்த அண்ணன்மார் மாதிரி. அவங்களுக்குள்ள கலியாணம் ஹறாம், கூடாது. அண்டைக்குச் சின்னவன் கைப்புள்ள, எனக்குப் பால் இரிந்த. ஆனா இவள் யாரெண்டு தெரியாமக் குடுத்துட்டு, நாளைக்கு இவள யாரும் கொண்டு போய், வளந்த பிறகு என்ட மகனே இவளப் பொண்ணு கேட்டுப் போனா? எங்க தேடிப் போய்ச் சொல்ற, இவன் ஒனக்குக் காக்கா எண்டு? அதுக்குத்தான் கேக்கிற. முஸ்லிம் புள்ள எண்டாலும் கேப்பன். எங்கட உம்மாமார் எல்லாரும் முதல்ல வாப்பாட பேரக் கேட்டு வெச்சிட்டுத்தான் புள்ளைய மார்புல போடுவாங்க."

பிறகு அன்றைய கதையைச் சொன்னாள். "புள்ளையக் கொண்டு வந்த தம்பி நனைஞ்சு நடுங்கிட்டு நிண்ட. ரெண்டு தரம் சொல்ல வெச்சன். அன்ரன்ட மகள் ஜெனிற்றா எண்டார். மனிசியத் தேடிட்டு இப்ப வாறன் எண்டு போனவர் வரவே இல்ல. நான் கேக்காட்டி இவளுக்கு இண்டைக்குப் பேரும் இல்ல, வாப்பாவும் இல்ல. அவங்க இரிந்த இடத்துல போய் விசாரிச்சம். ஊடுமில்ல, ஆளுமில்ல. ஒருத்தரும் மிச்சமில்ல எண்டாங்க."

பிள்ளையை ஒதுக்கக் கேட்ட கேள்வி என்று ஐந்து வருடமாக ஒரு ஊரே பேசிவந்தது. அது பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கேட்ட கேள்வி. ரோமில் ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு வருடமும் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறேன். அண்ணன் தங்கை என்று கூப்பிட்டுக்கொண்டே கல்யாணம் செய்கிறார்களாம், ரகசியமாகக் கூடிப் பச்சைக் குழந்தையின் சதையைத் தின்கிறார்களாம். பக்கத்து வீட்டுப் பந்தியில் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் கட்டிய கதை அது. அந்தக் கதையையெல்லாம் கேட்ட பிறகும் யாரோ ஒருத்தர் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இவர்களோடு சேர்ந்தவர்கள் அப்படித்தான் சேர்ந்திருப்பார்கள்.

திரை விலகியது. தேவராசா கழுவாத கையோடு நின்றார். "தங்கச்சி, நான் அண்டைக்கு அந்தத் தூணடியிலதான் நிண்டன். நான் வேற மாதிரி விளங்கிட்டன்" என்றார். சுலைஹா எழுந்துபோய் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு, வாங்க என்று என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஜன்னல் உயரத்துக்குச் சுவர் எழும்பிய ஒரு சின்ன வீடு நின்றது. சிமெண்ட் வாசம் இன்னும் போகவில்லை. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். பெண் பிறந்த வீட்டில் அவள் நடக்கத் தொடங்கும்போதே கல் வாங்கத் தொடங்கிவிடுவார்கள் என்று தேவராசா சொல்லியிருந்தார். தமிழ் வீடுகளிலும் இதே வழக்கம்தானாம். ஆனால் சுலைஹாவுக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள்.

"பொம்பிளப் புள்ளைக்கு ஊடு வேணுந்தானே" என்றாள் சுலைஹா. "பால்குடிப் புள்ளைக்குச் சொத்துல பங்கு வராது, ஆனா உசிரோட இரிக்கக்குள்ள அன்பளிப்பாக் குடுக்கலாம் எண்டு மௌலவி சொன்ன. எங்கட ஆக்கள்ள சில பேர் பகிடி பண்றாங்க, வேதக்காரப் புள்ளைக்கு ஊடு கட்றாள் எண்டு. பண்ணட்டும். அவட சின்னம்மா கூட்டிப் போறதெண்டாக் கூட்டிப் போகட்டும், சொந்த ரத்தம், நான் மறிக்க ஏலாது. எங்க போனாலும் அவள் என்ட புள்ளதான், ஊடும் அவள்றதுதான்." சொல்லிக்கொண்டே அழுதாள். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

அன்று மாலை அந்தக் கொல்லையிலேயே நின்று ஸ்டெல்லாவை அழைத்தேன். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். சுலைஹாவிடம் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை எப்பிடி டீச்சர்? மாத்திப்போட்டாங்களா? எங்கட ஜெபம் தெரியுமா?"

"உள்ளத உள்ளபடி சொல்லுதேன் ஸ்டெல்லா. ஜெபம் தெரியாது. பிஸ்மில்லா சொல்லித்தான் சாப்பிடுதா. ஆனா பேரு கேட்டா அன்ரன் ஜெனிற்றான்னுதான் சொல்லுதா."

பிறகு மண்டபத்துக் கேள்வியைச் சொன்னேன், ஏன் கேட்டாள் என்பதைச் சொன்னேன், எதிரே நிற்கிற சுவரைச் சொன்னேன். ஸ்டெல்லா அழுகிறாளா, தொடர்பு அறுந்துவிட்டதா என்று தெரியவில்லை. சுலைஹா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள், பேசுவது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஜெனிற்றா ஓடிவந்து, தொலைபேசி பிடித்திருந்த என் கையைத் தன் வாய்க்கு இழுத்தாள். "சின்னம்மா, நீங்க எப்ப வருவீங்க? எங்கட புது ஊட்டுக்கு இன்னும் கதவு போடல்ல. நீங்க சும்மா உள்ளுக்கு வரலாம்."

தொலைபேசிக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஸ்டெல்லா சிரித்து நான் கேட்டதே இல்லை, அதனால் அது சிரிப்புதான் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு தையற்காரி அளவு கேட்கிற குரலில் கேட்டாள்.

"டீச்சர், அந்த வீட்டுல எத்தின அறை எண்டு கேளுங்க."

நான் கேட்கவேண்டி இருக்கவில்லை. சுலைஹா தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள்.

"ரெண்டு தங்கச்சி. ஒங்களுக்கு ஒண்டு. இடம் காணாட்டி இப்பவே சொல்லுங்க, நாளைக்குக் காலையில சுவர் கட்ட மேசன் வாறான்."